மாடியில் பெயர் அழைக்கிறார்கள், கீழே குடை விற்கிறேன்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. ஒரே சொல், மூன்றே எழுத்து. அதை யாருக்காகச் சொன்னேன் என்று இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் கடையைவிட்டு இறங்கி நடந்துவிடுவீர்கள். நல்ல சரக்கை வாசலில் தொங்கவிடாதே என்பார் என் வாப்பா. வாசலில் தொங்குவதெல்லாம் வெயிலில் வெளுத்தது. உள்ளே வந்து நாலு வார்த்தை பேசுகிறவருக்குத்தான் அலமாரி திறக்கும்.

எங்கள் கடை டன்லப் ஸ்திரீட்டில் இருந்தது. குடை, பூட்டு, டிரங்குப் பெட்டி, கைலி. எதிலும் விலை எழுதி ஒட்டியிருக்காது. ஒட்டினால் பேச என்ன இருக்கிறது? கடைக்கு மேல் மாடியில் ஒரு சங்கம். மாடித் தரை பலகையால் ஆனது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. மேலே ஒருவர் தும்மினால் கீழே நான் ‘அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க’ என்பேன்.

அந்தச் சந்து இல்லையென்றால் இந்தக் கதை இல்லை.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன், பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அ) “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. பர்மா எல்லை. இடைவிடாத மழையில் அந்த இரு வீரர்களும்” (நிறுத்திவிட்டேன். நான் பிறந்ததே ஐம்பதில். பர்மா போனதில்லை. எங்கள் தீவைவிட்டு ஜொகூர் தாண்டியதே இரண்டு தடவை, இரண்டும் கல்யாணம்.)

ஆ) “வீரம் என்பது யாதெனில்” (இது பரிசளிப்பு விழாச் சரக்கு. யாராவது மாலை போட்டால் முடித்துத் தருகிறேன்.)

இ) “தம்பி, குடை என்ன விலை?” (இது நல்ல தொடக்கம். ஆனால் இது நடுவில் வர வேண்டியது. எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.)

3

சங்கத்தின் பெயர் முன்னாள் படைவீரர் நட்பு மன்றம். போர்க் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, பர்மா எல்லைவரை போய், திரும்பி வந்த தமிழர்கள். ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ஒரு வாத்தியார், ஒரு முடிதிருத்துபவர். அவர்களுடைய ராணுவம் தோற்றுவிட்டது. தோற்ற ராணுவத்துக்கு யார் பென்ஷன் கொடுப்பார்கள்? பதக்கமும் இல்லை. அதனாலோ என்னவோ, சட்டதிட்டம் மட்டும் ஏராளம்.

வருடத்தில் ஒரு நாள், அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, எல்லோரும் கூடுவார்கள். காலை பத்துக்குப் பெயர் அழைப்பு. எட்மண்ட் என்ற செயலாளர், அந்தக் காலத்தில் படையில் குமாஸ்தா, நீள நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்த ராணுவத்தில் கட்டளை எல்லாம் இந்துஸ்தானி. ‘இருக்கிறேன்’ என்பதற்கு ‘ஹாஜிர்’. உயிரோடிருப்பவர் எழுந்து தானே சொல்ல வேண்டும்.

முடிந்ததும் எட்மண்ட் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து படிப்பார். அது இறந்தவர்களின் பட்டியல். அவர்களும் அழைக்கப்படுவார்கள். இறந்தவருக்கு யார் நெருக்கமாக நின்றாரோ அவர் எழுந்து, அவருக்காக ‘ஹாஜிர்’ சொல்வார். முன்பக்கம் குறையக் குறையப் பின்பக்கம் நிறையும். (அந்த நோட்டு எங்கள் கடைச் சரக்கு. இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதலாம் என்று சொல்லித்தான் வாப்பா விற்றார்.)

பிறகு ஆளுக்கொரு கோப்பை வெறும் உப்புக் கஞ்சி. பின்வாங்கி வந்த வழியில் அதுவும் கிடைக்காத நாள்களுக்காக. குடித்து முடிக்காதவருக்குப் பிரியாணி இல்லை. பிரியாணிச் சட்டியின் மூடி திறந்திருக்கும்போது உப்புக் கஞ்சி குடிப்பதுதான் சுதந்திரப் போராட்டத்திலேயே கடினமான கட்டம் என்று தலைவர் இப்ராஹீம் வருடா வருடம் சொல்வார். வருடா வருடம் சிரிப்பார்கள்.

மாலை ஐந்து மணிக்கு அணிவகுப்பு. எஸ்பிளனேட் ஓரம் ஒரு காலத்தில் அவர்களுடைய நினைவுத்தூண் நின்று, கட்டிய சூட்டோடு, திரும்பி வந்த வெள்ளைக்காரர்களால் இடிக்கப்பட்ட இடம். எழுபதுகளில் அங்கே புல்தான். புல்லுக்கு சல்யூட் வைப்பார்கள். ஐந்து பேர் சேர்ந்து நடந்தால் போலீஸ் பெர்மிட் வேண்டும் என்ற பயத்தில் நான்கு நான்கு பேராக, நடுவே இரண்டு விளக்குக் கம்பம் இடைவெளி விட்டு, தற்செயலாக ஒரே பக்கம் போகிறவர்கள்போல நடப்பார்கள். தற்செயலாக எல்லோர் கையும் ஒன்றாக வீசும். ஒரு வருடம் அந்தப் புல்லில் ஒரு சீனக் காதல் ஜோடி உட்கார்ந்திருந்தது. கிழவர்கள் வரிசையாக வந்து சல்யூட் அடித்ததும் பையன் எழுந்து பதில் சல்யூட் அடித்தான்.

சில சட்டங்களை மட்டும் நினைவில் வையுங்கள். கதையே அவற்றின்மேல்தான் நிற்கிறது. எந்தப் பெயரையும் மூன்று முறைதான் அழைப்பார்கள். உயிரோடிருப்பவர் தொடர்ந்து மூன்று வருடம் பதில் சொல்லவில்லையென்றால் அவர் பெயர் பின்பக்கம் போகும். பின்பக்கத்துப் பெயருக்கு மூன்றாம் அழைப்பிலும் யாரும் எழவில்லையென்றால் பெயரையே அடித்துவிடுவார்கள். பின்பக்கம் போய்த் திரும்பி வந்த பெயர் கிடையாது.

4

சுவிசேஷமுத்துவை இப்போது உள்ளே விடுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்ராஹீமும் அவரும் ஒரே பதுங்குகுழி. எவன் முந்திக்கொள்கிறானோ அவனுக்கு மற்றவன் ‘ஹாஜிர்’ சொல்வது என்று அந்தக் குழியிலேயே ஒப்பந்தம்.

எழுபத்தாறில் எட்மண்டின் முழங்கால் போய்விட்டது. பெயர் அழைக்க நிற்பதே அவருக்குப் பெரும்பாடு. பிரியாணி முடிந்து எல்லோரும் பூட்ஸ் மாட்டும்போது இப்ராஹீம், அவர் சரபத் கடைக்காரர், எதையும் கலக்கியே ஊற்றுகிறவர், மெதுவாக ஆரம்பித்தார்.

“இந்த வருஷம் பஸ்ஸுல போவோம்லா.”

“பஸ்ஸுலயா?” என்றார் சுவிசேஷமுத்து. “பட்டாளம் பஸ்ஸுல போகுமாடா? டிக்கெட்டு யாரு எடுக்குறது, ஹவில்தாரா?”

“டேய் சுவி, யோசிச்சுப் பாரு. ரோட்டுல அஞ்சு பேரு சேந்து நடந்தா பெர்மிட் கேக்குறான். பஸ்ஸுல அம்பது பேரு சேந்து நின்னா, இன்னும் உள்ள போ உள்ள போன்றான்.”

“இம்பால்லேர்ந்து நடந்து வந்தவன் நான்.”

“வேற வழி இருந்துச்சா? பஸ்ஸு வந்திருந்தா முத ஆளா ஏறி ஜன்னல் சீட்டு புடிச்சிருப்ப.”

எல்லோரும் சிரித்தார்கள். கீழே நானும் சிரித்தேன். சந்து வழியாக அது மேலே கேட்டிருக்கும். சுவிசேஷமுத்து சிரிக்கவில்லை. “கர்த்தர் சத்தியமா இந்த மாடிப்படிய இனி மிதிக்க மாட்டேன்” என்று இறங்கினார். தனியாக நடந்துபோய்ப் புல்லுக்கு சல்யூட் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எழுபத்தேழில் வரவில்லை. எழுபத்தெட்டிலும் வரவில்லை.

(முதல் வரைவில் இப்ராஹீமை வில்லனாக்கினேன். மீசையைக்கூடத் தடித்துவிட்டேன். ஆனால் நண்பனின் முழங்காலுக்காக வாதாடுகிறவனை எப்படி வில்லனாக்குவது? மீசையை மழித்து அனுப்பிவிட்டேன்.)

5

அல்போன்சம்மாள், சுவிசேஷமுத்துவின் மனைவி. முதல் வரைவில் அவரை அங் மோ கியோ ஃபிளாட்டின் அடுப்படியில் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைக்கவைத்திருந்தேன். எழுதிவிட்டுத் தூங்கப் போனால் தூக்கம் வரவில்லை. ‘என்னய எதுக்கு தம்பி அடுப்படியில வச்ச? நான் துப்பாக்கி தூக்குனவ. ஒங்க வாப்பா குடை தூக்கிக்கிட்டு இருந்தப்ப’ என்று ஒரு குரல். எழுந்து அந்த அடுப்படியை அடித்துவிட்டேன்.

உண்மை அதுதான். அவர் பெண்கள் படையில் இருந்தவர். நோட்டில் அவருக்குத் தனிப் பெயர், தனி எண். கணவருக்கு நான்கு பெயர் முன்னால். புருஷன் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்த வருடங்களிலும் அவர் வெள்ளைச் சேலையில் வந்து, ‘ஹாஜிர்’ சொல்லி, கஞ்சியும் பிரியாணியும் சாப்பிட்டு, பஸ்ஸிலும் ஏறிப் போனார்.

எழுபத்தொன்பது அக்டோபர். மூன்றாம் வருடம். படியேறும் முன் இப்ராஹீம் அவரை என் கடை வாசலில் மடக்கினார்.

“தங்கச்சி, வருவானா?”

“காலையிலயே சட்டைக்கு இஸ்திரி போட்டாருண்ணே. எங்கன்னு கேட்டேன், சர்ச்சுக்குன்னாரு. சர்ச்சுக்குப் போறவரு பூட்ஸுக்கு எதுக்குப் பாலீஷ் போடணும்?”

“அப்ப வருவான்.”

“வருவாரு. ஏற மாட்டாரு. கர்த்தர் பேருல சத்தியம் பண்ணிருக்காருல்ல.”

இப்ராஹீமின் குரல் இறங்கியது. “இன்னிக்குப் பதில் வரலன்னா பேரு பின்பக்கம் போயிரும். அடுத்த வருஷம் நான்தான் எந்திரிச்சு அவனுக்குச் சொல்லணும். உசுரோட இருக்குறவனுக்கு என்னால ஆகாது தங்கச்சி.”

“நீங்க எந்திரிச்சா நான் விட்டுருவேனாக்கும்? மீன்கொழம்பு ஆக்கி வச்சுட்டு வந்திருக்கேன். செத்த மனுஷனுக்கா அது?”

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் கைக்குட்டையைக் கயிறுபோலத் திரித்துக்கொண்டிருந்தார். (இதை அழுகைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்ராஹீம் என் பக்கம் திரும்பினார். “அமீனு, அவன் கடைப் பக்கம் வந்தா விட்டுராத. எதையாச்சும் விக்கப் பாரு. வெலைய இழு.”

6

(இந்தப் பகுதியில் போர் வந்தது. பதுங்குகுழி, மழை, அட்டை, எல்லாம். கிழித்துவிட்டேன். அவர்களே அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்; கஞ்சி குடிப்பதோடு சரி. நான் யார் பேச?)

7

“தம்பி, குடை என்ன விலை?”

அலமாரியில் வைத்த தொடக்கம் இப்போது வருகிறது. மணி பத்து அடித்து ஐந்து நிமிடம். இஸ்திரிச் சட்டை, கண்ணாடியாக மின்னும் பூட்ஸ். தெருவில் ஒரு சொட்டு மழை இல்லை.

“பத்து வெள்ளிண்ணே.”

“பத்தா? கம்பி என்ன தங்கமா?”

தலைக்கு மேலே, “இப்ராஹீம்!” “ஹாஜிர்!” காலை ஓங்கி மிதித்ததில் பலகைத் தூசி இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. சுவிசேஷமுத்து தூசியைத் தட்டவில்லை.

“ஆறுன்னா சொல்லு.”

“ஒங்களுக்காக ஒம்போது.”

மேலே இன்னொரு பெயர், இன்னொரு ‘ஹாஜிர்’.

“பத்து” என்றார்.

நான் காதைத் தேய்த்துக்கொண்டேன். “அண்ணே, நான் ஒம்போதுக்கு எறங்கிட்டேன்.”

“சரி, பதினொண்ணு.”

எங்கள் கடையின் சரித்திரத்தில் விலையை ஏற்றிப் பேரம் பேசிய ஒரே வாடிக்கையாளர் அவர். கண் கூரையில் இருந்தது.

“அல்போன்சம்மாள்!” “ஹாஜிர்!” தெளிவான குரல். அதைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. இன்னும் மூன்று பெயர். இரண்டு. ஒன்று.

“சுவிசேஷமுத்து!”

அவர் கையிலிருந்த குடையைப் படாரென்று விரித்தார். கடைக்குள்ளே, முகத்துக்கு நேராக. கறுப்புத் துணிக்குப் பின்னால் ஆள் மறைந்துவிட்டார்.

“சுவிசேஷமுத்து!”

குடைக்குக் கீழே தெரிந்த இரண்டு பூட்ஸும் டக்கென்று ஒன்று சேர்ந்தன. நான் எட்டிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மூன்று வருடம் பேசாமல் வைத்திருந்த சொல் அடித்தொண்டையில் துருப்பிடித்துவிட்டதுபோல. எங்கள் பூட்டுகளில் சில இப்படித்தான். சாவி சரியாக இருக்கும், திறக்காது.

“சுவிசேஷமுத்து!” மூன்றாவது.

மேலே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எட்மண்ட் பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம்கூடக் கேட்டது என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அவ்வளவு மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் எனக்குக் கேட்டது.

“ஹாஜிர்!”

அதுதான் நான் சொன்ன பொய். ராணுவத்தில் ஒரு நாள் இருந்ததில்லை, ஒரு கம்பைத் தோளில் வைத்ததில்லை. வாடிக்கையாளர் வாசல்படியில் கால் வைக்கும் நொடியில் வியாபாரிக்கு வாய் தானாகத் திறக்கும். அவ்வளவுதான்.

மேலே நாற்காலிகள் திரும்பின. பிறகு எட்மண்ட்: “யாரு சொன்னது? கொரலு சரியில்லையே.”

“சளி புடிச்சிருக்கும்” என்றார் இப்ராஹீம்.

“கீழேர்ந்துல வருது!”

“கீழேர்ந்து சொல்லக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கா? எடுத்துக் காட்டுலா.”

பக்கம் புரண்டது. இல்லை போலிருக்கிறது.

அதற்குள் அல்போன்சம்மாளின் குரல், நிதானமாக: “முப்பத்திரண்டு வருஷமா கேக்குற கொரலு எனக்குத் தெரியாதா? அவருதான். எழுதுங்க.”

எட்மண்ட் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

குடை மெதுவாக இறங்கியது. சுவிசேஷமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ எந்த ரெஜிமெண்டு?”

“குடை ரெஜிமெண்டுண்ணே.”

“ஹாஜிர்ன்னா அடிவயித்துலேர்ந்து வரணும். நீ தேக்கா மார்க்கெட்டுல கீரை கூவுற மாதிரி சொல்ற.”

பன்னிரண்டு வெள்ளியை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அல்போன்சம்மாள் ஒரு கோப்பையோடு இறங்கி வந்தார். கணவரிடம் நீட்டினார். அவர் நின்றபடியே உப்புக் கஞ்சியைக் குடித்து முடித்தார். ‘ஹாஜிர்’ சொன்னவர் குடித்தே ஆக வேண்டும். எனக்கும் ஒரு கோப்பை வந்திருந்தது. நானும் குடித்து முடித்தேன்.

8

இங்கே முடித்திருக்கலாம். இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

ஒன்று: சுவிசேஷமுத்து குடையை வீசிவிட்டுப் படியேறுகிறார். இப்ராஹீம் ஓடி வருகிறார். ஆரத்தழுவல். கண்ணீர். (தீபாவளி மலர்க்காரர்கள் உடனே வாங்குவார்கள். ஆனால் கர்த்தர் சத்தியம் என்ன ஆவது? ஒரு மனிதரின் மூன்று வருட ரோஷத்தை ஒரே பத்தியில் தள்ளுபடி விலைக்கு விற்க என் கை வரவில்லை.)

இரண்டு: எட்மண்ட் கண்டுபிடித்துவிடுகிறார், நான் எல்லோர் முன்னாலும் குற்றத்தை ஒப்புக்கொள்கி

வேண்டாம். யாரும் என்னைக் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

9

நடந்தது இது. எண்பதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் பத்தேகாலுக்கு முன்னால் சுவிசேஷமுத்து வருவார். குடை விலை கேட்பார். பெயர் வரும். இப்போது அவரே சொல்வார், அடிவயிற்றிலிருந்து, குடையை நேராகப் பிடித்துக்கொண்டு. கூரைத் தூசி இப்போது கீழிருந்து மேலே போகும்போலிருக்கும். கஞ்சி இறங்கி வரும். ஒரு தடவைகூட அவர் படியேறவில்லை. ஒரு தடவைகூட குடை வாங்காமல் போனதில்லை.

மாலையில் சங்கம் பஸ்ஸில் கிளம்பும். அவர் நாற்பது நிமிடம் முன்பே நடக்கத் தொடங்கி, அவர்கள் இறங்கும்போது புல்லருகே நிற்பார். நான்கு விளக்குக் கம்பம் தள்ளி. ஒரே நேரத்தில் சல்யூட். பிறகு அந்தத் தூரத்திலிருந்தே பேச்சுவார்த்தை:

“காலு வலிக்குதாடா?”

“பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடச்சுதாடா?”

பத்து வருடத்தில் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். (ஒரு நண்பர் வரைவைப் படித்துவிட்டு, ‘இதற்குள் சமாதானம் ஆகியிருக்க வேண்டாமா?’ என்றார். ஆகிவிட்டதே. இன்னும் என்ன வேண்டும்?)

10

எண்பத்தாறு மார்ச்சில் சுவிசேஷமுத்து தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு மழை. எங்கள் கடைக் குடைகள் ஏழும் அங்கே இருந்தன.

அந்த அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, அல்போன்சம்மாள் அந்த ஏழையும் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “ஏழு குடை, ஒரே பொம்பள. நீயே வச்சுக்க தம்பி.”

“வித்த சரக்கத் திருப்பி எடுக்குற வழக்கம் இல்லக்கா.”

“அப்ப எட்டாவதையும் நான்தான் வாங்கணுமா?” சிரித்தார். படியேறினார்.

நான் கடையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். பாதிப் படியில் நின்றேன். என் தலை மட்டும் மாடித் தரைக்கு மேலே தெரிந்தது. முன்பக்கம் முடிந்தது. எட்மண்ட் நோட்டைத் தலைகீழாகத் திருப்பினார். பழைய பெயர்கள், பழைய பதில்கள். கடைசியில் புது மையில் ஒரு பெயர்.

“சுவிசேஷமுத்து!”

இப்ராஹீம்தான் எழ வேண்டும். பதுங்குகுழி ஒப்பந்தம். நாற்காலிக் கையில் ஊன்றினார், பாதி எழுந்தார், நின்றுவிட்டார். அப்போதுதான் கவனித்தேன். அந்த அறையில் அத்தனை பேரும் குனிந்து தரைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடப் பழக்கம். பதில் கீழேயிருந்துதானே வரும்.

“சுவிசேஷமுத்து!” இரண்டாவது.

இப்ராஹீம் என் தலையைப் பார்த்துவிட்டார். “அமீனு. அன்னிக்குச் சொன்னவன் நீதானலா? நீயே சொல்லு.”

ஆக, தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும். எட்மண்டுக்குக்கூட, அவர் தலை நிமிரவே இல்லை.

“அன்னிக்கு அது பொய்ண்ணே” என்றேன். “இன்னிக்குச் சொன்னா அவரு போனது நெசமாயிரும்.”

இப்ராஹீம் அல்போன்சம்மாளைப் பார்த்தார்.

“என்னயப் பாக்காதீங்க” என்றார் அவர். “அன்னிக்கு அவரு உசுரோட இருக்காருன்னு இதே எடத்துல சாட்சி சொன்னேன். அத நானே மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா எவனும் சொல்லாம அவரு பேர மட்டும் அடிச்சீங்க, அப்புறம் தெரியும்.”

எட்மண்ட் மூச்சை இழுத்தார்.

“சுவிசேஷமுத்து!”

இங்கே நிறுத்துகிறேன். இப்ராஹீம் பாதி எழுந்த நிலையில், நான் பாதிப் படியில், அல்போன்சம்மாள் கைக்குட்டையைத் திரித்தபடி. மூன்று பேரில் யார் என்று இருபது தடவை எழுதி இருபது தடவையும் அடித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் குரல் சரியில்லை. இத்தனை நேரம் கடைக்குள் நின்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் படியிறங்க முடியாது. பெயர் உங்களுக்குத் தெரியும், பதிலும் தெரியும். அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் சீக்கிரம். நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எட்மண்டுக்கு முழங்கால் சரியில்லை.